கைதட்டல் ஒரு குழுவுக்கு, கோப்பை இன்னொரு குழுவுக்கு: ஷோ கொயர் போட்டியில் மார்க் எப்படி விழுகிறது?

"இந்தியானாவுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி ஷோ கொயரில், அதாவது பாடிக்கொண்டே ஆடுகிற குழுவில், சேர்ந்திருக்கிறாள். போன சனிக்கிழமை முதல் போட்டிக்குப் போனோம். அவர்கள் முடித்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஆனால் செகண்ட் ரன்னர்-அப்தான் கொடுத்தார்கள். எதை வைத்து மார்க் போடுகிறார்கள்? இவளை ஆண்களும் பெண்களும் சேர்ந்த பெரிய குழுவில் போடாமல் பெண்கள் குழுவில் போட்டிருக்கிறார்கள், அது கீழே தள்ளியது மாதிரியா? இவ்வளவு பணமும் நேரமும் இதில் செலவழிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் சர்ச் கொயரில் டெனர் பாடி வளர்ந்தவன். இங்கே வந்தபின் என் பிள்ளைகள் இரண்டு பேருமாக ஆறு வருடம் ஷோ கொயரில் இருந்தார்கள். அந்த ஆறு வருடமும் சனிக்கிழமை விடிந்தால் மேடைப் பலகை தள்ளப் போகிற அப்பாக்களில் நானும் ஒருவன். அதனால் மேடைக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். செகண்ட் ரன்னர்-அப் என்றால் மூன்றாம் இடம். முதலிடம் கிராண்ட் சாம்பியன், அடுத்தது ஃபர்ஸ்ட் ரன்னர்-அப், அதற்கடுத்தது உங்கள் மகளின் குழு. முதல் வருடம் நானும் இரண்டாம் இடம் என்று நினைத்து ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மூன்றாம் இடமும் லேசுப்பட்டதில்லை, அதை விடுங்கள்.

இனி கைதட்டல். அரங்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பது ஆட்டத்தை. நடுவர்கள் கேட்பது பாட்டை. நாற்பது ஐம்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் சுழன்று, குதித்து, உடை மாற்றி, கண் இமைக்கும் நேரத்தில் அணிவகுப்பை மாற்றினால் யாருக்கும் கை தானாகத் தட்டும். ஆனால் மதிப்பெண் தாளில் பெரும்பாலான இடங்களில் பாதியோ அதற்கு மேலோ குரலுக்குத்தான். சில போட்டிகளில் குரலுக்கு அறுபது, ஆட்டத்துக்கு நாற்பது. சில இடங்களில் சரிபாதி. பின்னணி வாசிக்கிற இசைக்குழுவுக்குத் தனி மார்க் வைத்திருப்பவர்களும் உண்டு. போட்டிக்குப் போட்டி தாள் மாறும். நடத்துகிற பள்ளி எந்தத் தாளை வைத்திருக்கிறது என்று உங்கள் மகளின் ஆசிரியருக்குத் தெரியும், கேட்டால் காட்டுவார்.

குரல் பக்கத்தில் என்ன பார்க்கிறார்கள்? சுருதி முதலில். அப்புறம் குரலின் தன்மை, நான்கு பிரிவும் ஒன்றோடொன்று கலக்கிறதா, ஒரு பிரிவு இன்னொன்றை விழுங்குகிறதா, வார்த்தை புரிகிறதா, ஏற்ற இறக்கம் இருக்கிறதா, எடுத்துக்கொண்ட பாட்டு எவ்வளவு கடினம். நம்மூர் சி.எஸ்.ஐ. கொயர்களில் பாடியவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ, ஆண்களில் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ், அதே நான்குதான். என்ன, அங்கே நாங்கள் அங்கி போட்டுக்கொண்டு அசையாமல் நின்று பாடினோம். இங்கே பிள்ளைகள் அதே நான்கு பிரிவை ஓடிக்கொண்டே பாட வேண்டும்.

அந்த 'ஓடிக்கொண்டே'யில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். இரண்டு நிமிடம் ஸ்கிப்பிங் ஆடுங்கள். நின்றவுடன், மூச்சு வாங்காமல், 'ஆ' என்று ஒரே சுருதியில் எட்டு எண்ணும்வரை பிடியுங்கள். நாலாவது எண்ணிலேயே குரல் நடுங்கும், ஆறாவதில் சுருதி இறங்கும். இந்தப் பிள்ளைகள் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆடிவிட்டு, கடைசிப் பாட்டின் கடைசி ஸ்வரத்தை அப்படிப் பிடிக்க வேண்டும், அதுவும் நான்கு பிரிவாகப் பிரிந்து, முகத்தில் சிரிப்போடு. அதற்காகவே என் மகனின் குழுவை உடற்பயிற்சிக் கூடத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே பாடவைப்பார்கள். ஒருவர் மூச்சு இழுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் இழுக்கக் கூடாது என்று பங்கு பிரித்து வைத்திருப்பார்கள்; அவன் தாளில் எந்த வார்த்தைக்கு நடுவில் மூச்சு என்று பென்சிலால் குறித்திருக்கும். கேட்பவருக்கு ஒலி அறுபடாமல் ஓடுகிற மாதிரி இருக்கும்.

போன சனிக்கிழமை அரங்கம் எழுந்து நின்ற அந்தக் கடைசிப் பாட்டின் வீடியோ கையில் இருந்தால், திரையை மூடிவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள். நல்ல இயர்போனில் கேளுங்கள். வேகமான இடங்களில் ஒரு பத்துக் குரல்தான் கேட்கிறதா, மற்றவர்கள் வாயை மட்டும் அசைக்கிறார்களா? ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது சுருதி அரை இழை கீழே நிற்கிறதா? நடுவர் முதலில் பிடிப்பது இதைத்தான். இன்னொன்று, மைக். தனிப்பாட்டு பாடுகிறவருக்குக் கையில் மைக் இருக்கும். மற்ற எல்லோருக்கும் பொதுவாக மேடையின் முன்விளிம்பில் உயரமான கம்பியில் நான்கைந்து மைக் நிற்கும், அவ்வளவுதான். முன்வரிசையில் ஒரு பிள்ளை உற்சாகத்தில் கத்தினால் அந்தக் குரல் அரங்கம் முழுக்கப் போகும். பின்வரிசை பேஸ் காணாமல் போய்விடும். பயிற்சியில் ஆசிரியர் திரும்பத் திரும்ப "கத்தாதே, பாடு" என்று சொல்வது அதற்காகத்தான்.

ஆட்டத்துக்கான மார்க்கிலும் நாம் நினைக்காத கணக்கு உண்டு. கடினமான அசைவைப் பத்துப் பேர் பிரமாதமாகவும் முப்பது பேர் சுமாராகவும் செய்வதைவிட, எளிய அசைவை நாற்பது பேரும் ஒரே கோணத்தில் செய்தால் தாளில் நன்றாக விழும். கை எந்த உயரத்தில் நிற்கிறது, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, படிமேடையின் மேல்தட்டில் இருப்பவரின் முகம் கீழ்த்தட்டில் இருப்பவரின் முகத்தைப் போலவே உயிரோடு இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். நிகழ்ச்சி எப்படி ஓடுகிறது என்பதற்கும் மார்க் உண்டு. பழைய வழக்கப்படி, துள்ளலான தொடக்கப் பாட்டு ஒன்று, நடுவில் பேலட் எனப்படும் மெதுவான பாட்டு, அப்புறம் ஆண்கள் மட்டுமோ பெண்கள் மட்டுமோ ஆடுகிற ஒரு துண்டு (அந்த இடைவெளியில்தான் மற்றவர்கள் உடை மாற்றுவார்கள்), கடைசியில் மூச்சு முட்டுகிற முடிவுப் பாட்டு. இப்போது பல குழுக்கள் ஒரே கதையை எடுத்துக்கொண்டு முழு நிகழ்ச்சியையும் அதைச் சுற்றிக் கட்டுகின்றன. எனக்கென்னவோ பேலட்டில்தான் போட்டி தீர்கிறது என்று தோன்றும். எல்லோரும் அசையாமல் நிற்பார்கள், இசைக்குழு அடங்கிவிடும், ஒளிவதற்கு இடம் இருக்காது. ஒரு குழுவின் தரம் அந்த மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

சரி, மார்க்கைக் கூட்டுகிற விதத்துக்கு வருவோம். பெற்றோர்களுக்குள் சண்டை வருவது இங்கேதான். ஐந்து நடுவர்கள், தலா நூறு மார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கற்பனைக் கணக்குதான் இது. முதல் பள்ளிக்கு நான்கு நடுவர்கள் 90, 89, 91, 90 போடுகிறார்கள். ஐந்தாவது நடுவர் 78. மொத்தம் 438. இரண்டாவது பள்ளிக்கு அதே நால்வர் 88, 87, 89, 88; ஐந்தாமவர் 92. மொத்தம் 444. கூட்டிப் பார்த்தால் இரண்டாவது பள்ளிக்குக் கோப்பை. ஆனால் ஐந்து நடுவர்களில் நான்கு பேர் முதல் பள்ளிதான் மேல் என்று எழுதியிருக்கிறார்கள்! ஒரே ஒரு நடுவர் தாராளமாக மார்க்கை விரித்துப் போட்டதில் மற்ற நால்வரின் முடிவும் அடிபட்டுவிட்டது.

இதைத் தவிர்க்கத்தான் பல போட்டிகளில் மொத்த மார்க்கை விட்டுவிட்டு இடவரிசையை எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு நடுவரின் மார்க்கையும் முதலிடம், இரண்டாமிடம் என்று மாற்றிவிடுவது. அப்படிச் செய்தால் மேலே சொன்ன முதல் பள்ளிக்கு நான்கு முதலிடம், ஒரு இரண்டாமிடம். கோப்பை அங்கே போகும். இன்னும் சில இடங்களில் ஒவ்வொரு குழுவுக்கும் விழுந்த மார்க்கில் அதிகமானதையும் குறைவானதையும் தள்ளிவிட்டு மீதியைக் கூட்டுவார்கள். அதிலும் இந்தக் கணக்கில் முதல் பள்ளிதான், 269-க்கு 265. ஒரே நாள், ஒரே பாட்டு, அதே நடுவர்கள். கூட்டுகிற விதம் மாறினால் கோப்பை கை மாறும். எந்த முறை என்று விதித்தாளில் இருக்கும். முடிவு வந்தபின் அதைத் தேடாமல் முந்தின வாரமே படித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பகலில் நடப்பது முதற்சுற்று. காலை ஏழு, எட்டு மணிக்கு முதல் குழு ஏறினால் மாலைவரை அரை மணிக்கு ஒரு குழு. அதில் பெரிய குழு, சிறிய குழு, பெண்கள் குழு என்று பிரிவுவாரியாகப் பரிசு கொடுப்பார்கள். அதன்பின் எல்லாப் பிரிவிலும் சேர்த்து மார்க் அதிகமுள்ள ஐந்தாறு குழுக்கள் இரவு இறுதிச்சுற்றுக்குப் போகும். பெரும்பாலும் பகல் மார்க் அங்கே செல்லாது, புதிதாக ஆரம்பம். பகலில் முதலாவதாக வந்த குழு இரவில் நாலாவதாக இறங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். விடியற்காலை நாலரைக்கு எழுந்து தலையில் ஹேர்ஸ்பிரே அடித்துக்கொண்ட பிள்ளை இரவு பத்து மணிக்கு மறுபடி அதே நிகழ்ச்சியைச் செய்கிறது. தொண்டை போயிருக்கும். பகல் முழுக்க நடைபாதையில் கத்தி விளையாடாமல் தொண்டையைக் காப்பாற்றி வைத்திருந்த குழு இரவில் ஜெயிக்கும். அதனால் உங்கள் மகளுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, பையில் இரண்டு தண்ணீர் பாட்டில். முடிந்தால் ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பாகக் கொஞ்சம் ரசம். சிரிக்காதீர்கள், என் மகளிடம் ரசம் கேட்டு வாங்கிக் குடிக்க ஆல்ட்டோ வரிசையில் ஒரு கூட்டமே இருந்தது.

கேப்ஷன் விருதுகள் என்று தனியாகச் சில உண்டு: சிறந்த குரல், சிறந்த நடனம், சிறந்த இசைக்குழு, சிறந்த உடை, சிறந்த தனிப்பாடகர், சில இடங்களில் சிறந்த மேடைப் பணியாளர் குழுகூட. கிராண்ட் சாம்பியன் ஒரு குழுவுக்கும் சிறந்த குரல் வேறு குழுவுக்கும் போவது சகஜம். ஆசிரியர்களிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். பலர் சிறந்த குரல் விருதைத்தான் மனதுக்குள் குறிவைத்திருப்பார்கள்.

கோப்பையைவிட எனக்கு மதிப்பாகத் தோன்றியது நடுவர்களின் ஒலிப்பதிவு. நிகழ்ச்சி நடக்கும்போதே நடுவர்கள் பதிவுக் கருவியில் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள்: "இந்த இடத்தில் டெனர் கீழே... உயிரெழுத்தை ஒன்றாகத் திறங்கள்... ஆ, இது அழகு." திங்கட்கிழமை வகுப்பில் ஆசிரியர் அதை ஓடவிடுவார். பல போட்டிகளில், மேடையிலிருந்து இறங்கியதும் குழுவை ஓர் அறைக்குக் கூட்டிப்போய், ஒரு நடுவரோ வெளிநிபுணரோ கால் மணி நேரம் அங்கேயே திருத்திக் கொடுப்பதும் உண்டு. வியர்வை காயாமல் தரையில் உட்கார்ந்து பிள்ளைகள் கேட்கிற அந்தக் கால் மணி நேரத்தை நான் கதவோரம் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஓர் அம்மையார் ஐம்பது பேரையும் கண்ணை மூடச் சொல்லி, பேலட்டின் முதல் நான்கு வரியை மெல்ல ஹம் செய்ய வைத்தார். பக்கத்தில் இருப்பவர் குரல் கேட்காவிட்டால் நீ அதிகச் சத்தம் என்றார். மறுபடி பாடச் சொன்னபோது அது வேறு குழு பாடுகிற மாதிரி இருந்தது.

மேடைப் பணியாளர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் சக அப்பாக்கள் மன்னிக்க மாட்டார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒதுக்கிய நேரத்துக்குள்தான் படிமேடையை ஏற்றுவதும், டிரம் செட்டை வைப்பதும், பாடி முடித்து எல்லாவற்றையும் இறக்குவதும். நேரம் தாண்டினால் மார்க் வெட்டு. கறுப்பு உடையில் மாணவர்கள்தான் பெரும்பாலும் இதைச் செய்வார்கள். பாரமான இடத்துக்கு நாங்கள். ஒரு வருடம் மேல்தட்டின் ஒரு சக்கரத்தின் பூட்டைப் போட மறந்துவிட்டேன். நான்தான், வேறு யாரும் இல்லை. மூன்றாவது பாட்டில் பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் குதித்தபோது தட்டு ஒரு விரற்கடை நகர்ந்தது. ஒரு பெண் தடுமாறினாள், ஆனால் சிரிப்பு மாறவில்லை, பாட்டும் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த பையன் ஆட்டத்தின் பகுதி போலவே முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் அந்த இரவு தூக்கம் வரவில்லை. அதன்பின் எட்டுச் சக்கரத்தையும் தொட்டுத் தொட்டு எண்ணாமல் மேடையை விட்டு இறங்கியதே இல்லை.

இந்த ஷோ கொயர் எங்கிருந்து வந்தது என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். இதன் பெரியப்பா ஃப்ரெட் வாரிங் என்று சொல்லலாம். பென்சில்வேனியன்ஸ் என்ற இசைக்குழுவை வானொலியிலும் பின்பு தொலைக்காட்சியிலும் நடத்தியவர். கூட்டமாகப் பாடினாலும் ஒவ்வொரு அசையும் புரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். 1947 முதல் பள்ளி, கல்லூரி இசை ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பட்டறைகள் நடத்தினார். (1937-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த வாரிங் பிளெண்டரில் இருப்பதும் இவர் பெயர்தான். நம் வீட்டு மிக்ஸிக்கு ஒரு விதத்தில் தாத்தா முறை.) 1962-இல் கலிபோர்னியாவில் மில்டன் ஆண்டர்சன் யங் அமெரிக்கன்ஸ் குழுவைத் தொடங்கி, பாடுகிற இளைஞர்களை ஆடவும் வைத்தார். 1965-இல் அப் வித் பீப்புள் வந்தது. அவர்கள் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் இடைவேளையில் நாலு முறை ஆடியவர்கள். ஊர் ஊராகப் போன இந்தக் குழுக்களைப் பார்த்துப் பள்ளிகள் தாங்களும் தொடங்கின. போட்டி என்ற வடிவம் வந்தது உங்கள் மாநிலத்தில்தான். ஃபோர்ட் வெய்னில் உள்ள பிஷப் லூயர்ஸ் உயர்நிலைப் பள்ளி 1970-களின் நடுவிலிருந்து நடத்துகிற போட்டியைத்தான் மூத்தது என்பார்கள். இந்தியானாவில் வீதிக்கு வீதி இதைப் பற்றிப் பேச ஆள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கார்மல் உயர்நிலைப் பள்ளியின் அம்பாசடர்ஸ் பெயரை இதற்குள் கேட்டிருப்பீர்கள். தெற்கே மிசிசிப்பியில் கிளின்டன் பள்ளியின் அட்டாஷே, மேற்கே கலிபோர்னியாவில் பர்பாங்க் நகரத்து ஜான் பரோஸ் பள்ளியின் பவர்ஹவுஸ் ஆகியவையும் அதே வரிசையில் பேசப்படுகிறவை. யூடியூபில் மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரே கலைக்குள் எவ்வளவு வேறுபாடு என்று தெரியும்.

பள்ளிப் பாடகர் குழுவைப் பற்றிய 'க்ளீ' என்ற தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு மாவட்டம், மண்டலம், தேசியம் என்று ஏணி இருக்கும் என்று நினைத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். 2009-இல் தொடங்கிய அந்தத் தொடரால் இந்தக் கலைக்கு ஊரெல்லாம் பெயர் கிடைத்தது உண்மை. ஆனால் அதில் காட்டுகிற மாதிரி நாடு முழுமைக்கும் ஒரே அமைப்பு, ஒரே ஏணி கிடையாது. பெரும்பாலானவை ஒரு பள்ளி அழைக்க, மற்றப் பள்ளிகள் பதிவு செய்துகொண்டு வருகிற அழைப்புப் போட்டிகள். இந்தியானாவில் மாநிலப் பள்ளி இசைச் சங்கமான இஸ்மா மாநில அளவில் ஒன்று நடத்துகிறது. அது கொஞ்சம் ஏணி மாதிரி. 'நேஷனல்' என்று பெயர் வைத்த போட்டிகள் ஒன்றுக்கு மேல் உண்டு. அவற்றில் பலவற்றை நடத்துவது தனியார் நிறுவனங்கள். யார் பதிவுசெய்தார்களோ அவர்களுக்குள்தான் போட்டி. ஆகவே ஒரே வருடத்தில் இரண்டு மூன்று 'தேசிய சாம்பியன்கள்' இருக்க முடியும். பள்ளியின் முகப்பில் பெரிய பேனர் தொங்கினால் எந்தத் தேசியம் என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது தப்பில்லை.

பெண்கள் குழு பற்றிய உங்கள் கேள்வி. கீழே தள்ளியதில்லை. ட்ரெபிள் குழு என்றால் சோப்ரானோ, ஆல்ட்டோ குரல்கள் மட்டும்; அதற்குத் தனிப் பிரிவு, தனிக் கோப்பை. பல பள்ளிகளில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெண்கள் அங்கே தொடங்கி, பிறகு பெரிய கலப்புக் குழுவுக்குப் போவார்கள் என்பது நிஜம். இதற்கு எண்ணிக்கைதான் காரணம். பாட வருகிற பெண்கள் நூறு பேர், பையன்கள் இருபத்தைந்து பேர் என்று இருக்கும்போது, கலப்புக் குழுவில் ஒரு சோப்ரானோ இடத்துக்கு நாலு பேர் மோதுவார்கள். டெனர் குரலுள்ள பையன் ஓரளவு சுருதியோடு வந்தாலே கைப்பிடித்துக் கூட்டிப்போய்விடுவார்கள். என் மகன் போனதும் அப்படித்தான். என் மகள் ட்ரெபிளில் இரண்டு வருடம் இருந்தவள். வீட்டில் யார் நன்றாகப் பாடுவார் என்று கேட்டால் அவனே அவளைத்தான் காட்டுவான். ட்ரெபிளில் அடியில் டெனரும் பேஸும் தாங்குவதற்கு இல்லாததால் சுருதி இன்னும் கறாராக இருந்தாக வேண்டும். அங்கே பழகிய காது எங்கே போனாலும் உதவும்.

அடுத்து பணம். இதைப் பூசி மெழுக விரும்பவில்லை. பள்ளியைப் பொறுத்து ஒரு பிள்ளைக்கு வருடத்துக்குச் சில நூறு டாலரில் ஆரம்பித்து ஆயிரத்தைத் தாண்டும். உடை, ஷூ, மேக்கப், பேருந்து, ஆகஸ்டில் நடனம் சொல்லிக்கொடுக்க வெளியூரிலிருந்து வருகிறவருக்குச் சம்பளம், பாட்டை இந்தக் குழுவுக்கென்று எழுதிக் கொடுப்பவருக்குச் சம்பளம். விமானம் ஏறுகிற போட்டி என்றால் அது தனி. கட்ட முடியாத குடும்பத்துக்குப் பெற்றோர் சங்கத்தில் உதவி பெரும்பாலும் இருக்கும். ஆசிரியரிடம் ரகசியமாகக் கேட்டால் போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. சங்கத்தின் பெரிய வருமானம் தங்கள் பள்ளியிலேயே ஒரு போட்டி நடத்துவதுதான். நுழைவுச்சீட்டு, தின்பண்டக் கடை. அங்கே 'வாக்கிங் டாக்கோ' என்று ஒன்று விற்பார்கள்: சிப்ஸ் பாக்கெட்டை வெட்டித் திறந்து, அதற்குள்ளேயே கறி, சீஸ், சாஸ் எல்லாம் கொட்டிக் கரண்டியைக் குத்திக் கொடுப்பது. சைவம் என்றால் பீன்ஸ் போடச் சொல்லுங்கள். நாள் முழுக்க அதுதான் உணவு.

சங்கத்தில் சேர்ந்து பொறுப்பு எடுக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பர்பாங்க் உயர்நிலைப் பள்ளி ஷோ கொயர் பாடிய பாட்டுகளுக்கு உரிமம் வாங்கவில்லை என்று ட்ரெசோனா மல்டிமீடியா என்ற நிறுவனம் வழக்குப் போட்டது. யார் மீது? இசை ஆசிரியர் மீதும், பணம் திரட்டிய பெற்றோர் சங்கத்தின் மீதும், சங்கத்தில் இருந்த சில பெற்றோர் மீதும். 2020 மார்ச்சில் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளிப் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பதினெட்டு நிமிட நிகழ்ச்சிக்குள் ஒரு பழைய பாட்டின் சுமார் இருபது நொடியைப் புது அர்த்தத்தோடு சேர்த்தது, அனுமதி கேட்காமலே சட்டம் இடம் கொடுக்கிற நியாயமான பயன்பாடுதான் என்றார்கள். வழக்கறிஞர் செலவையும் வழக்குப் போட்ட நிறுவனமே தர வேண்டும் என்றார்கள். ஜெயித்தது சரி. ஆனால் பலகாரம் விற்றுக் காசு சேர்த்த பெற்றோர் சில வருடம் கோர்ட்டுக் கவலையோடு இருந்ததை யோசித்துப் பாருங்கள். அந்தத் தீர்ப்பை நம்பி எந்தப் பாட்டையும் கேட்காமல் எடுத்துவிடலாம் என்று அர்த்தமில்லை. முழுப் பாட்டை எடுத்துக் குழுவுக்கென்று மாற்றி எழுதுவதற்கு அனுமதி வாங்குவதுதான் முறை. சங்கக் கூட்டத்தில் "இந்த வருடப் பாட்டுகளுக்கு உரிமம் எல்லாம் ஆகிவிட்டதா?" என்று கேட்பவர் ஒருவராவது இருக்கட்டும்.

கடைசியாக, நேரம். பல பள்ளிகளில் இது தினசரி வகுப்பாகவே இருக்கும், கிரெடிட்டும் உண்டு. அதற்கு மேல் வாரத்தில் ஒன்றிரண்டு மாலைப் பயிற்சி, ஜனவரியிலிருந்து மார்ச்வரை பாதிச் சனிக்கிழமைகள். பத்தாம் வகுப்பில் பாடச்சுமை கூடும், உண்மைதான். நான் இரண்டு பிள்ளைகளிடமும் ஒரே ஒப்பந்தம் போட்டேன்: வெள்ளி இரவுக்குள் வீட்டுப்பாடம் முடிந்திருக்க வேண்டும், ஞாயிறு மதியம்வரை நான் எதுவும் கேட்க மாட்டேன். ஓரளவு நடந்தது. கல்லூரி விண்ணப்பத்தில் இதனால் பெரிய பலன் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோப்பைக்காக யாரும் சீட் தருவதில்லை. அவளுக்கு முழங்கால் வலி, கணுக்கால் வலி, தொடர்ந்து குரல் கம்முவது இதில் எதுவாவது இருந்தால் 'சரியாகிவிடும்' என்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டையான ஹீல் வைத்த கேரக்டர் ஷூ போட்டுக்கொண்டு படிமேடையில் குதிப்பது கால்களுக்கு இதமான வேலை இல்லை. ஒரு சைஸ் தப்பான ஷூவால் பருவம் முழுக்க அவதிப்பட்ட பிள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

தொடரலாமா என்பதை அவளிடமே கேளுங்கள். ஆனால் போட்டி முடிந்த இரவு கேட்காதீர்கள்; ஜெயித்திருந்தால் ஆமாம் என்பாள், தோற்றிருந்தால் அழுவாள். ஆகஸ்டில், நடன முகாமின் மூன்றாம் நாள் மாலை, கோப்பையும் இல்லை, கூட்டமும் இல்லை, உடம்பெல்லாம் வலி என்று காரில் ஏறி உட்காருவாள் அல்லவா, அப்போது கேளுங்கள்.

அடுத்த சனிக்கிழமை இறுதிச்சுற்றுக்குப் போனால் முன்வரிசையில் உட்காராதீர்கள். அரங்கத்தின் நடுவில், நடுவர்கள் மேசைக்கு இரண்டு வரிசை பின்னால் இடம் பிடியுங்கள். அவர்கள் காதில் விழுவது உங்கள் காதிலும் விழும். பேலட் வரும்போது வீடியோ எடுக்கிற போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.